சின்னவள் சொன்ன சாட்சி

நான் பை திறந்து பார்க்கிறவள். தையல் கம்பெனியின் கேட்டில் எனக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, தலைக்கு மேலே கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி. காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற பெண்கள் வரிசையில் வந்து பையை மேசைமேல் வைப்பார்கள். நான் கையை விட்டுத் துழாவி, சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கழற்றி, குடையை விரித்து உதறி, சரி போ என்று தலையாட்ட வேண்டும். நூல்கண்டு, பட்டன், ஜிப், துணியில் தைக்கிற கம்பெனி லேபிள், எதுவும் வெளியே போகக் கூடாது. எனக்கு அங்கே எக்ஸ்ரே அக்கா என்று பெயர். என் காதுபடச் சொல்ல மாட்டார்கள், ஆனால் என் காதும் கொஞ்சம் கூர்மைதான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சபையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பாட்டுப் புத்தகத்தையே எட்டிப் பார்த்துப் பாடுகிறவளின் பையை, திங்கட்கிழமை நான் திறந்து துழாவ வேண்டும். அவளும் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். அவள் டப்பா மூடியை மட்டும் திறக்காமல் விட்டால் பின்னால் நிற்கிறவள் சும்மா இருப்பாளா?

எங்கள் பாஸ்டர் பிரசங்கத்தில், "யாரையும் சந்தேகக் கண்ணோட பார்க்காதீங்க, எல்லார்கிட்டயும் நல்லதைப் பாருங்க" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நானும் ஆமென் சொல்வேன். மனதுக்குள் மட்டும், ஐயா, ஒரே ஒரு நாள் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லிக்கொள்வேன். வாயெல்லாம் பல்லாக வருகிறவளின் டப்பாவுக்கு அடியில்தான் லேபிள் கட்டு ஒளிந்திருக்கும். முறைத்துக்கொண்டு வருகிறவளின் பையில் ஒரு கைக்குட்டையும் மாத்திரை அட்டையும் தவிர வேறொன்றும் இருக்காது. இதைப் பல வருடம் பார்த்த கண்ணை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழற்றி வைக்க முடியவில்லை.

காலையில் கிளம்புவதற்கு முன் முழங்கால்படியிட்டு, "ஆண்டவரே, இன்னைக்கு யாரும் என் கையில மாட்டக் கூடாது" என்று ஜெபிப்பேன். உண்மையாகத்தான் ஜெபிப்பேன். ஆனால் யாரும் மாட்டாத நாளில் வீட்டுக்குத் திரும்பும்போது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். அந்த ஏமாற்றத்துக்கு என்ன ஜெபம் செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கேட்டில் என்னை யாருக்கும் பிடிக்காது. அது வேலையோடு வருவது, நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சபையில் கதை வேறு. அங்கே பெண்கள் ஜெபக்கூட்டத்தை நான்தான் நடத்துகிறேன். யார் வீட்டில் நோய் என்றாலும், யார் பெண்ணுக்கு வரன் தட்டிப்போனாலும், "அக்கா, ஜெபம் பண்ணுங்க" என்று என்னைத் தேடித்தான் வருவார்கள். இந்த உலகத்தில் என்னைப் பார்த்ததும் பையை மார்போடு அணைத்துக்கொள்ளாத இடம் அது ஒன்றுதான். அந்த இடமும் போய்விடும் என்று ஒரு பயம் வந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

சின்னவள் என்று நான் சொல்வது என் ஓரகத்தியை. என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. கீழே நாங்கள், மாடியில் ஒற்றை அறையும் சமையல் மூலையுமாக அவள். என் கொழுந்தன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறவர். போனால் சீக்கிரத்தில் திரும்ப மாட்டார். கப்பல் கரையை ஒட்டி வரும்போதுதான் போன் கிடைக்கும். போன வருடம் அவள் முழுகாமல் இருந்து, பாதியிலேயே பிள்ளை வயிற்றில் தங்காமல் போய்விட்டது. அவர் அப்போதும் கடலில்தான் இருந்தார். சபையார் வந்து ஜெபித்தார்கள். நானும் கொஞ்ச நாள் சமைத்து மேலே அனுப்பினேன். அப்புறம் அவரவர் பாட்டைப் பார்க்கப் போய்விட்டோம். இளம் வயது, ஆறிவிடும், இன்னொன்று பிறக்கும் என்று எல்லாரும் சொன்னோம். அவளும் தலையை ஆட்டினாள்.

சில மாதம் கழித்துத்தான் எனக்கு மூக்கு வியர்க்க ஆரம்பித்தது.

முதலில் கதவு. பகலில் காற்றுக்குத் திறந்தே கிடக்கும் மாடிக் கதவு, மத்தியானமானால் சாத்தியிருக்கும், உள்ளே தாழ்ப்பாளும் போட்டிருக்கும். ஜன்னலில் திரை. இந்தப் புழுக்கத்தில் எந்த மனிதப் பிறவி ஜன்னலை மூடிக்கொண்டு இருக்கும்? அடுத்தது, குரல். ஒரு நாள் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன நான் அவள் அறையைத் தாண்டும்போது உள்ளே ஒரு ஆண் குரலைக் கேட்டேன். தணிந்த குரல். என்ன பேச்சு என்று புரியவில்லை, கடைசியில் "சாப்பிட்டியா?" என்றது மட்டும் காதில் விழுந்தது. நான் படியில் காலை வைத்ததும் குரல் நின்றுவிட்டது.

அப்படியே நின்றேன். பிறகு கதவைத் தட்டினேன். உடனே திறக்கவில்லை. உள்ளே என்னவோ நகர்கிற சத்தம். அவள் வந்து திறந்தபோது தலை கலைந்திருந்தது, முகம் வீங்கியிருந்தது, கண் என்னைப் பார்க்கவில்லை. கையும் களவுமாகப் பிடிபடுகிறவர்களின் முகம் எனக்கு அத்துப்படி. அது அந்த முகம்தான்.

"என்னக்கா?"

என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன். "சல்லடை இருக்கா? என்னோடது கிழிஞ்சு போச்சு."

அவள் உள்ளே போய்ச் சல்லடையைத் தேடினாள். அந்த நேரத்தில் நான் அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் குனிந்தும் பார்த்தேன், கீழே எதையோ தவறவிட்டவள் மாதிரி. ஒரு பெட்டி, ஒரு ஜோடி செருப்பு, நிறைய தூசி. ஆள் இல்லை. குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது, அங்கேயும் இல்லை. அப்படியென்றால் போனில் பேசியிருக்கிறாள். கப்பலில் இருக்கிற புருஷனுக்குத்தான் சிக்னல் இல்லையே, பிறகு இது யார்?

மறுநாளும் போனேன். கத்தரிக்கோல் கேட்டேன். அதற்கு மறுநாள் துணி கிளிப். பிறகு போன் சார்ஜர், ஊசி, காய்ச்சல் மாத்திரை. நேரத்தையும் மாற்றி மாற்றிப் போனேன். ஷிப்ட் முடிந்து வந்தவுடன் ஒரு நாள், சாப்பிட்டுவிட்டு ஒரு நாள், அவள் எதிர்பார்க்கவே முடியாதபடி விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு நாள். கேட்டில் நாங்கள் செய்வதும் இதுதான். ஒழுங்கு வைத்துச் சோதித்தால் ஒழுங்கு பார்த்துத்தான் கடத்துவார்கள்.

என் வீட்டுக்காரர் ஒயரிங் வேலை செய்கிறவர். வீட்டில் என்ன எரிந்தாலும் அணைந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். அவரே ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"உனக்கு வீட்டுலயும் கேட் டியூட்டியா?"

"உங்க தம்பி மானத்தைக் காப்பாத்தத்தான்."

"அவன் கேட்டானா உன்கிட்ட?"

"கேட்க மாட்டாரு. கடல்ல இருக்கிறவருக்கு என்ன தெரியும்?"

அவர் டீயை ஊதிக் குடித்துவிட்டு, "இவ்வளவு சாமானை மாடியிலருந்து இறக்கிட்டியே, ஒண்ணையாவது திருப்பிக் குடுத்தியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அது ஒரு விதத்தில் நியாயமான கேள்விதான். சமையலறை அலமாரியில் அவளுடைய சல்லடையும் கத்தரிக்கோலும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாதது சந்தேகத்தைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போகப்போக நான் தட்டியதும் அவள் திறந்தாள். தலை வாரியிருந்தது. அறை பெருக்கியிருந்தது. ஜன்னல் திரை ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தது. ஓஹோ, உஷாராகிவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு நாள் எனக்கு டீகூடப் போட்டுக் கொடுத்தாள். குடிக்கும்போதே எதற்கு இந்த உபசாரம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜெபத்தில் உட்கார்ந்தால் அவள் முகம் வரும். "ஆண்டவரே, உண்மையை வெளியே கொண்டு வாரும்" என்று ஜெபித்தேன். அந்த உண்மையின் மேல் எனக்கு இருந்த ஆசை, எங்கள் சூப்பர்வைசருக்கு லேபிள் கட்டின்மேல் இருக்கும் ஆசைக்குக் குறைந்ததில்லை. அது ஜெபம்தானா என்று இப்போது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.

ஒரு வியாழக்கிழமை, ஈரத் துணி வாளியோடு படி ஏறிக்கொண்டிருந்தேன். அவள் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க பாஸ்டரம்மா. இந்த ஞாயிறே சாட்சி சொல்லிடுறேன்." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சு. "இல்லைங்க, அக்காவைப் பத்திச் சொல்லாம எப்படி? அவங்க பண்ணதைச் சொல்லாம விட்டா அப்புறம் அது சாட்சியே இல்லை. எல்லாத்தையும் சொல்லத்தான் போறேன்." மறுபடியும் பேச்சு. "வேணாங்க, அவங்களுக்கு முன்னாடியே தெரிய வேணாம். தெரிஞ்சா அன்னைக்கு வரவே மாட்டாங்க."

வாளியை அங்கேயே வைத்துவிட்டு, சத்தம் போடாமல் கீழே இறங்கி வந்து உட்கார்ந்தேன்.

சபைக்குப் போகாதவர்களுக்கு இது புரியாது. எங்கள் சபையில் மாதத்தின் கடைசி ஞாயிறு சாட்சி ஞாயிறு. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் முன்னால் வந்து மைக்கில் சொல்லலாம். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு நல்ல சாட்சி என்றால் அதில் ஒரு கஷ்டம் இருக்க வேண்டும், அந்தக் கஷ்டத்தைக் கொடுத்த ஒரு ஆளும் இருக்க வேண்டும். ஆளின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "எங்களுக்கு ரொம்ப வேண்டிய ஒருத்தங்களே" என்று இழுப்பார்கள். மொத்தச் சபையும் அந்த வேண்டியவரைத் திரும்பிப் பார்க்கும். இப்படித்தான் ஒரு மருமகள் சாட்சி சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் மாமியாரைச் சபையில் யாரும் பார்க்கவில்லை. பஸ் பிடித்து வேறு எங்கோ ஆராதனைக்குப் போகிறாராம்.

இப்போது என் முறை. வேவு பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் குனிந்தாள், தனியாக இருக்கிற பெண்ணை நிம்மதியாக விடவில்லை என்று அவள் மைக்கில் அழுதுகொண்டே சொன்னால், யார் என் பக்கம் பேசுவார்கள்? தையல் கம்பெனிப் பெண்கள் பாதிப் பேர் எங்கள் சபைதான். அவர்களுக்கு அது பண்டிகையாகிவிடும். ஜெபக்கூட்டம் போய்விடும். "அக்கா, ஜெபம் பண்ணுங்க" போய்விடும். ஞாயிற்றுக்கிழமையும் நான் வெறும் எக்ஸ்ரேதான்.

சாயங்காலமே பாஸ்டரம்மாவைப் பார்க்கப் போனேன். பாஸ்டரின் மனைவி நல்ல பெண்மணி, மனதில் இருப்பது அப்படியே முகத்தில் தெரியும். அன்றைக்கு அந்த முகத்தில் ஒரு சிரிப்பை அடக்குகிற பாவனை இருந்தது. எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த வாரம் சாட்சிக்கு யார் யார் இருக்காங்கம்மா?" என்றேன், எதையோ மேலோட்டமாகக் கேட்பதுபோல.

"இருக்காங்க, இருக்காங்க. நீங்க கண்டிப்பா வந்துடுங்க. முன் வரிசையிலேயே உட்காருங்க."

முன் வரிசையாம். பலி கொடுக்கிற ஆட்டை முன்னால்தானே கட்டுவார்கள்.

"நானும் ஒரு சாட்சி சொல்லணும். முதல்லயே சொல்லிடுறேன்," என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, சொல்லுங்க. அதுவும் நல்லாத்தான் இருக்கும்," என்றார். வெளியே வந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும். எனக்கு அப்போது அது ஒன்றுதான் வழியாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போனேன். பாட்டு முடிந்து, பாஸ்டர் சாட்சிக்கு அழைத்ததும் முதல் ஆளாக எழுந்து மைக்கைப் பிடித்தேன். எங்கள் சபையில் ஒருவரைப் பற்றிச் சொல்லக் கூடாததைச் சொல்ல வேண்டுமானால், பாரம் என்ற சொல்லை முன்னால் போட்டுக்கொண்டால் போதும். ஒருவருக்காக மனம் கனத்து ஜெபிக்கிறோம் என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எதையும் ஒளித்துக் கடத்தலாம்.

"எங்க குடும்பத்துல ஒரு ஆத்துமாவுக்காக நான் ரொம்பப் பாரத்தோட ஜெபிச்சிட்டு வர்றேன்," என்று ஆரம்பித்தேன். "பேர் சொல்ல விரும்பல. மூடின கதவுக்குள்ள என்ன நடக்குதுன்னு மனுஷங்களுக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். புருஷன் தூரத்துல இருக்கும்போது பொம்பளைங்க எவ்வளவு எச்சரிக்கையா இருக்கணும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. என்னால முடிஞ்ச அளவு நான் காவல் இருந்தேன். இனிமே என்னைப் பத்தி யாரு என்ன சொன்னாலும் என் மனசாட்சி சுத்தம். ஸ்தோத்திரம்."

சபையில் தலைகள் மெதுவாகத் திரும்பின. என் பக்கம் இல்லை, சின்னவள் உட்கார்ந்திருந்த ஜன்னல் பக்கம். கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். பாஸ்டரம்மாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு காணாமல் போயிருந்தது. நான் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். ஜெயித்த மாதிரி இருந்தது.

சின்னவள் எழுந்தாள். மைக்குக்கு முன்னால் போய் நின்று, முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா இப்ப மூடின கதவுன்னு சொன்னாங்க. அது என் கதவுதாங்க," என்றாள்.

யாரோ ஒருவர் இருமினார்.

"பிள்ளை போனதுக்கு அப்புறம் எல்லாரும் வந்தீங்க, ஜெபம் பண்ணீங்க. அப்புறம் வீட்டுக்குப் போனீங்க. போகத்தானே வேணும். ராத்திரி எப்படியோ தூங்கிடுவேன். பகல்தான் முடியல. வேலைய முடிச்சுட்டா மத்தியானம் அப்படியே நிக்கும். கதவைச் சாத்திட்டுப் படுத்துக்குவேன். அவர் கப்பல்லருந்து எப்பவோ அனுப்பின வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேப்பேன். சாப்பிட்டியான்னு கேப்பாரு. சாப்பிட்டேன்னு நானும் போன்கிட்ட சொல்லுவேன். சாப்பிட்டிருக்க மாட்டேன்."

அந்த ஆண் குரல் என் சொந்தக் கொழுந்தனின் குரல். எத்தனை வருடம் எங்கள் வீட்டில் சாப்பிட்ட பிள்ளை.

"ஒரு நாள் அதுவும் போதல. இனி இருந்து என்ன பண்ணப் போறோம்னு தோணிடுச்சு. ஜெபம் பண்ண வாய் வரல. இதைச் சபையில சொல்லலாமான்னு தெரியல, பாஸ்டரம்மா சொல்லுன்னாங்க. அன்னைக்கு மத்தியானம் நான் முடிவே பண்ணிட்டேன். எழுந்து உட்கார்ந்தேன். அப்ப கதவு தட்டுச்சு. அக்கா நிக்கிறாங்க. சல்லடை வேணுமாம்."

பின்னால் சிலர் சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள்.

"தேடி எடுத்துக் குடுத்தேன். அவங்க போனதும் பார்த்தா, அந்த நெனப்பு கொஞ்சம் தள்ளிப் போயிருந்துச்சு. மறுநாள் மறுபடியும் தட்டுச்சு. கத்தரிக்கோல். அதுக்கு அடுத்த நாள் கிளிப். அக்கா வீட்ல இல்லாத கத்தரிக்கோலா? எப்ப வருவாங்கன்னும் தெரியாது. ஒரு நேரம் கிடையாது, காலம் கிடையாது. அக்கா வந்துடுவாங்க, இப்படிக் கிடந்தா நல்லாருக்காதுன்னு எழுந்து தலை வாரினேன். ரூமைப் பெருக்கினேன். ஒரு நாள் அவங்களுக்காக டீ போட்டேன், நானும் கூட உட்கார்ந்து குடிச்சேன். நான் இன்னைக்கு உங்க முன்னாடி உயிரோட நிக்கிறேன்னா அந்தக் கதவைத் தட்டின கைதாங்க காரணம். எனக்கு ஆண்டவர் தூதனை அனுப்பல. அக்காவை அனுப்பினாரு. ஸ்தோத்திரம்."

சபை அழுதது. கம்பெனிப் பெண்கள் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். ஒருத்தி எட்டி என் தோளைத் தொட்டாள், என் மேசையில் என்றைக்கும் முகம் கொடுத்துப் பேசாதவள். நான் மட்டும் சின்னவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது என்ன புது வித்தை? என்னைச் சந்தி சிரிக்க வைக்க இதைவிட நல்ல வழி உண்டா? டப்பாவுக்கு அடியில் என்ன இருக்கிறது? எவ்வளவு துழாவியும் அந்த முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. அழுது களைத்த ஒரு சின்னப் பெண்ணின் முகம்தான் இருந்தது.

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா வந்து ரெண்டு வார்த்தை சொல்லட்டும்," என்றார்.

எழுந்து போனேன். மைக் அவள் கை பட்ட ஈரத்தோடு இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். நான் உன்னைப் பார்க்க வரவில்லை, உன்னைப் பிடிக்க வந்தேன் என்று. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? தன்னை ஒருத்தி தேடி வந்தாள் என்ற நம்பிக்கையில்தான் அவள் எழுந்து தலை வாரியிருக்கிறாள். அதை நான் பிடுங்கிவிட்டால் நாளை மத்தியானம் அவள் எதைப் பிடித்துக்கொள்வாள்? சொல்லாவிட்டால் ஆலயத்தில் நின்று பொய்க்குப் புகழ் வாங்குகிறேன். இத்தனை வருடம் ஜெபக்கூட்டம் நடத்திய எனக்கு இந்த இடத்தில் ஒரு சின்ன ஜெபம்கூட வரவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வெட்கத்தில் சாக வேண்டும்போல் இருந்தது. அப்படி நினைத்த உடனே, அவள் எதைச் சொன்னாள் என்பது எனக்கு முழுதாக உறைத்தது.

"ஸ்தோத்திரம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். தாழ்மை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வர நேரமாகிவிட்டது. எல்லாரும் கையைப் பிடித்தார்கள். வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் முன்னால் நடந்துவிட்டார். சின்னவளும் நானும் பின்னால். வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு குடைதான் இருந்தது. அதை அவள் இரண்டு பேருக்கும் பொதுவாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். தெரு முனை தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை.

"நான் எதுக்கு வந்தேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பார்த்தீங்களே. அன்னைக்கே தெரியும்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைப்பானேன். "அப்புறம் எதுக்குடி அங்க அப்படிச் சொன்ன? என்னைக் குத்திக் காட்டவா?"

"இல்லக்கா." அவள் நடையை நிறுத்தவில்லை. "நான் ஒண்ணும் பொய் சொல்லலையே. நீங்க தட்டினீங்க. நான் எழுந்து வந்து திறந்தேன். அதைத்தானே சொன்னேன்?"

"நான் உன்னைச் சந்தேகப்பட்டு வந்தேன்டி."

"சரிக்கா. சந்தேகப்பட்டாவது வந்தீங்க. என்மேல நம்பிக்கை வெச்சவங்க ஒருத்தரும் வரல. அவ நல்ல பொண்ணு, சமாளிச்சுக்குவான்னு விட்டுட்டாங்க."

நடுத்தெருவில் அழுதால் நன்றாக இருக்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். குடையின் நிழல் என் பக்கமே அதிகமாக இருந்ததைப் பார்த்து, அதை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். அவள் மறுபடியும் என் பக்கம் சாய்த்தாள்.

வீட்டு வாசலில் அவள் மாடிப்படியில் காலை வைத்தாள். மேலே போனால் அந்த அறை, அந்த மத்தியானம். பிள்ளை போன நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் அவளிடம் கேட்காத ஒன்று இருந்தது. சல்லடை கேட்டேன், ஊசி கேட்டேன், இதைக் கேட்கவில்லை.

"சின்னவளே," என்று கூப்பிட்டேன். "இப்ப மனசு எப்படி இருக்கு உனக்கு?"

அவள் திரும்பினாள். கைப்பிடியைப் பிடித்தபடி என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். என் மேசைக்கு முன்னால் பையோடு நிற்கிறவர்களை நான் பார்க்கிற பார்வை.

"எதுக்குக்கா கேக்குறீங்க?" என்றாள்.